மெதுவாக இறுகும் ரெசின்

“ரெசின் பசையில சீக்கிரம் இறுகுத ஹார்ட்னரைக் கலந்தா என்ன கெட்டுப்போகும், மேஸ்திரி?” என்று கேட்டார் தஸ்நேவிஸ்.

ஃபைபர் படகு கட்டும் அந்தக் கொட்டகைக்குக் கித்தேரிதான் மேஸ்திரி. தஸ்நேவிஸைவிடப் பத்து வயது இளையவள். கடலே வேண்டாமென்று அவளிடம் வேலை கற்க வந்திருந்தார் அவர்.

“மெதுவா இறுகுததையே கலக்குங்கண்ணே.”

“அது சாயங்காலம் வரைக்கும் பிசுபிசுன்னு கிடக்கும்லா. எனக்குப் பொறுமை இல்ல.”

அவருக்கு எதிலுமே பொறுமை போயிருந்தது. மகன் அமலன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. வரும் ஞாயிறு வெறும் பெட்டியில் அவன் சட்டையை வைத்து அடக்கம் செய்வதென்று பங்குச் சாமியாரிடம் பேசி முடித்துவிட்டார். மருமகள் மெல்சியா சட்டையைத் தர மாட்டேன் என்கிறாள்.

“இன்னும் வருவான்னு உக்காந்திருக்கா. நடந்தது நடந்துபோச்சுன்னு ஒத்துக்க வேண்டாமா? இன்னைக்குப் பிடுங்கியாவது எடுத்துருவேன்.”

கித்தேரி சீக்கிரம் இறுகும் ஹார்ட்னர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

ஜெயித்துவிட்ட மாதிரி வாங்கிக்கொண்டார்.

ரெசினில் கலந்தார். ஃபைபர் மேல் பூசினார். ஃபோம் ஷீட்டை வைத்து அழுத்தினார். திரும்பிப் பார்ப்பதற்குள் இறுகிவிட்டது. கப்பில் மிச்சமிருந்தது சூடேறிப் புகைந்தது.

“பாத்தீங்களா, முடிஞ்சுபோச்சு.”

“தட்டிப் பாருங்க.”

தட்டினார். நடுவில் பொள்ளென்று கேட்டது. அடியில் காற்று மாட்டிக்கொண்டிருந்தது. அலை அடித்தால் முதலில் பிளப்பது அந்த இடம்தான். அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எடுத்துட்டு ஒழுங்கா வைங்க.”

இழுத்தார். ஃபோம் பிய்ந்து கையோடு வந்தது. மிச்சம் அசைய மறுத்தது.

கித்தேரி வேறொரு துண்டில் மெதுவாக இறுகுவதைப் பூசி, ஷீட்டை வைத்து அழுத்தினாள். அங்கேயும் நடுவில் காற்று. ஷீட்டைத் தூக்கினாள். வந்தது. மறுபடி வைத்து, ரோலரை உருட்டிக் காற்றை ஓரத்துக்குத் தள்ளினாள். திருப்தி இல்லை. இன்னொரு தடவை தூக்கினாள், வைத்தாள். பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் ஈரமா இருக்கே.”

“இருக்கட்டும்ண்ணே.”

சாயங்காலம் வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திடீரென்று அழுகை வந்தது. மகன் போனபிறகு அன்றுதான் அழுதார்.

அவர் வீடு திரும்பியபோது வாசலில் மெல்சியா நின்றுகொண்டிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. கையில் அமலனின் சட்டை.

“துவைச்சுட்டேன், மாமா. பெட்டியில வைக்கக் கொண்டுபோங்க.”

வாங்கினார். கை நனைந்தது.

“இன்னும் ஈரமா இருக்கும்மா” என்று சொல்லி, அதைத் திரும்பவும் கொடியில் போட்டார்.