யாழ் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன அரசன்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலம் அது. அப்போது நெடுங்கீரன் என்று ஓர் அரசன் இருந்தான். பெரிய அரசன் ஒன்றும் இல்லை. மூன்று மலையும் ஓர் ஏரியும்தான் அவன் நாடு. ஆனாலும் அவன் தீர்ப்பு என்றால் பக்கத்து நாட்டாரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார்கள்.

அதற்குக் காரணம் ஒரு வழக்கம். வழக்கு விசாரிக்கும் முன் அரசன் கண்ணை மூடி யாழ் கேட்க வேண்டும். கோபமோ குதூகலமோ எது இருந்தாலும் அது அடங்கி, மனம் தெளிந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். யாழ் வாசித்தவன் சேந்தன் என்னும் பாணன். இருபது வருடமாக ஒரே பண்தான் வாசித்தான், ஒரு நாளும் பிசகியதில்லை.

நல்ல வழக்கம்தானே என்கிறீர்களா? நல்ல வழக்கம்தான், அரசனின் ஏழு வயது மகன் காய்ச்சலில் கண்ணை மூடும் வரைக்கும்.

பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த அரசன் அழவில்லை. அரசன் அழுதால் எதிரி சிரிப்பான் என்று சின்ன வயதிலேயே அவனைப் பழக்கியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளே சபைக்கு வந்துவிட்டான்.

முதல் நாள். சேந்தன் வழக்கமான பண்ணையே வாசித்தான். அரசனுக்கோ அதில் தன் பிள்ளை கூப்பிடுவது கேட்டது. நிறுத்து என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். காணாமல் போன பசுவுக்காக நியாயம் கேட்டு வந்த ஒருத்தி வெறுங்கையோடு வீடு திரும்பினாள். நாளைக்குச் சந்தோஷமான பண்ணாக வாசிக்க வேண்டும் என்று சேந்தனுக்கு ஆணை வந்தது.

சேந்தனுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. யாழில் ஒரு குறையும் இல்லை. அழாத அழுகைதான் அரசன் காதில் உட்கார்ந்திருக்கிறது. போய்ச் சொல்லியிருக்கலாம். முதலில் அழுங்கள், அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் பயந்தான். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டான். நாமெல்லாம் எத்தனை முறை அப்படி இருந்திருக்கிறோம், அவனை மட்டும் என்ன சொல்வது?

இரண்டாம் நாள். சேந்தன் கல்யாண வீட்டில் வாசிக்கும் பண்ணை வாசித்தான். சபையே தலையாட்டியது. அரசனுக்கு மட்டும், தன் பிள்ளை இல்லாத உலகம் கைகொட்டிச் சிரிப்பதுபோல இருந்தது. முகம் கறுத்தது.

அந்த நேரம் பார்த்தா குயவன் சாத்தனின் வழக்கு வர வேண்டும்? ஏரிக்கரையில் பானைக்கு மண் தோண்டினான் என்பதுதான் குற்றம். வேறு நாளாக இருந்தால், பத்துக் கூடை மண்ணைக் கரையில் திரும்பக் கொட்டிவிட்டுப் போ என்று அரசன் அனுப்பியிருப்பான். அன்றைக்கு மண் தோண்டினான் என்ற சொல்லே அவனைச் சுட்டது. சாத்தன் தலையை வாங்கச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் வாங்கிவிட்டார்கள்.

சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் அரண்மனைக் காவலன் வந்து நின்றான். அரசரின் துக்கத்தைப் பார்த்து யாழ் சிரித்ததாம். நாளை சேந்தன் மேல்தான் வழக்கு. குற்றம் உறுதியானால் வலக்கை விரல் ஐந்தும் போய்விடும்.

மூன்றாம் நாள். குற்றம் சாட்டப்பட்டவனும் சேந்தன், யாழ் வாசிக்க வேண்டியவனும் சேந்தன். வழக்கத்தை மாற்ற முடியுமா? அரசன் கண்ணை மூடினான். சேந்தன் யாழை மடியில் வைத்து விரல்களை ஓட்டினான். சபையில் இருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அரசனின் உதடு துடித்தது.

“நிறுத்து சேந்தா. என் பிள்ளை கூப்பிடுறான். என்னால கேக்க முடியலை.”

“கண்ணைத் திறந்து பாருங்க மகராசா,” என்றான் சேந்தன். “இதுல ஒரு நரம்புகூட இல்லை. எல்லாத்தையும் காலையிலேயே அவிழ்த்து வச்சுட்டேன்.”

அரசன் பார்த்தான். பாணன் மடியில் இருந்தது வெறும் மரம். யாருக்காவது ஏதாவது கேட்டதா என்று சபையைக் கேட்டான். எல்லோரும் தலைகுனிந்து, இல்லை என்றார்கள். அப்போதுதான் அரசன் அழுதான். சபை நடுவே, குழந்தையைப்போல வாய்விட்டு அழுதான். எந்த எதிரியும் சிரிக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, அந்தக் குயவன் எங்கே என்பது. நேற்றுப் பொழுது சாயும் முன்பே தலையை வாங்கிவிட்டோம் என்றான் காவலன்.

சேந்தனை யாழில் நரம்பு பூட்டச் சொல்லி, கூட்டிக்கொண்டு குயவன் வீட்டுக்கு நடந்தே போனான் அரசன். முற்றத்தில் சாத்தன் மனைவி வெண்ணி சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தான் செய்த பிழையை அரசன் அவளிடம் மறைக்காமல் சொன்னான். வேறென்ன செய்வதென்று தெரியாமல், அவள் மனம் ஆறட்டும் என்று சேந்தனை வாசிக்கச் சொன்னான். இருபது வருடப் பண் பிசகாமல் எழுந்தது.

அவள் தலை நிமிரவே இல்லை.

“போதும் சாமி. உங்க யாழ் எனக்குக் கேக்கலை. அவரு சக்கரம் சுத்துற சத்தம்தான் கேட்டுக்கிட்டே இருக்கு.”

சக்கரம் அசையாமல் கிடந்தது. அதன்மேல் பாதி எழும்பிய பானை ஒன்று காய்ந்து வெடித்திருந்தது.

சேந்தன் யாழைக் கீழே வைத்தான். ஐந்து விரலும் அவனிடம் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. முதல் நாளே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், இந்நேரம் பானை சூளைக்குப் போயிருக்கும்.

துக்கம் நடந்த வீட்டான், அரசனே ஆனாலும், அழுது தீர்க்காமல் நியாயம் சொல்ல உட்காரக் கூடாது என்று அந்த நாட்டில் புது வழக்கம் வந்தது. சாத்தனுக்கு அதனால் என்ன லாபம்?

ஆகவே கேட்டவர்களே, இசை நம் மனத்தில் இருப்பதையே நமக்குத் திருப்பிக் கொடுக்கும் என்பதை அறிந்து, துக்கத்தை அடக்கி வைக்காமல் முதலில் அழுது தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் அது ஒரு பாவமும் அறியாதவர் தலையில் விழும்.