நஞ்சைக் கடித்த பூசணம்

மலைகளுக்கு யாரும் வேலி போடாத காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு மலை, மலையில் ஒரு வைத்தியச்சி. பெயர் நாச்சி. முப்பது வயசுகூட இருக்காது. அவளுக்கு ஒரே ஒரு சீடர், சடையப்பர். அறுபதைத் தாண்டியவர், அரண்மனையில் மருந்து இடித்தவர். மனைவி சிவகாமிக்கு மார்பில் புற்று வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார்.

அரண்மனை ஏடு சொல்லும் கடும்பாலை மரப்பட்டைச் சாறு புற்றைக் கரைக்கும். குடித்தவரையும் சேர்த்துக் கரைக்கும். அதைக் குடித்த சிவகாமிக்கு முடி கொட்டியது, வாய் புண்ணானது. மூன்றாம் வாரம் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை.

நாச்சி சாற்றை நிறுத்தினாள். மேற்குச் சரிவில் அதே மரம் ஒன்று பட்டுப்போய் நின்றது. அதில் படர்ந்திருந்த சாம்பல் பூசணத்தைச் சுரண்டி வந்து, சாறு நிறைந்த பானைக்குள் போட்டாள்.

"நஞ்சுக்குள்ள போட்டா செத்துராதா, தாயே?"

"பாருங்க, ஐயா."

பூசணம் கருத்துச் சுருண்டது. சடையப்பருக்குப் பொறுக்கவில்லை. நாச்சி இல்லாத நேரம் பார்த்துக் கொஞ்சம் வெல்லப்பாகு ஊற்றினார். நாலே நாளில் பானை வாய்வரை வெள்ளை வெளேரென்று பொங்கிவிட்டது. ஓடிப்போய் அவளை அழைத்துவந்து காட்டினார்.

நாச்சி சாற்றில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். அதே எரிச்சல்.

"என்ன ஊட்டினீங்க?"

"வெல்லம். பாவமா இருந்துச்சு."

அவள் பானையைக் கவிழ்த்தாள்.

"வெல்லம் இருக்கையில அது எதுக்கு நஞ்சைக் கடிக்கணும்?"

அடுத்த பானைக்கு யாரும் இரக்கப்படவில்லை. பூசணம் ஒன்பது நாள் கரிபோலக் கிடந்தது. பத்தாம் நாள் ஓரத்தில் ஒரு வெள்ளை நூல். மாதம் முடியுமுன் சாற்றின் நிறமே மாறிப்போயிற்று. முதலில் நாச்சி குடித்தாள். மூன்று நாள் பொறுத்து, சிவகாமிக்குக் கொடுத்தாள்.

சிவகாமி கஞ்சி குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். கட்டியும் சுருங்கத் தொடங்கியது.

சேதி கீழே எட்டியதும் அரண்மனைத் தலைமை வைத்தியர் ஆட்களோடு ஏறி வந்தார்.

"அழுகலை மருந்துன்னு கொடுக்கிறியாமே. எந்த ஏட்டுல இருக்கு?"

"ஏட்டுல இல்லை. பானையில இருக்கு."

"வாய் நீளம்தான் உனக்கு. சரி, ஒண்ணு செய். சபைக்கு வந்து, எங்க ஏட்டுச் சாறுதான் இவளைத் தேத்துச்சுன்னு சொல்லு. சொன்னா, பானையை நான் தொட மாட்டேன்."

சடையப்பர் கைகூப்பினார். "சொல்லிருங்க, தாயே. ஒரு வார்த்தைதானே."

"அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுட்டு ஊரெல்லாம் வெறும் சாறைக் குடிக்கும், ஐயா. அப்புறம் கஞ்சி கேக்க யார் இருப்பாங்க?" தலைமை வைத்தியர் பக்கம் திரும்பினாள். "சொல்ல மாட்டேன்."

தடி இறங்கியது. பானை உடைந்து, மருந்து மண்ணில் ஓடியது.

"இனி ஒருதரம் இங்க பூசணம் வளருதுன்னு கேள்விப்பட்டேன்..."

"மலைபூரா வளருது. ஒவ்வொரு மரமா ஏறி, அதுங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவனை முறைத்தபடியே தலைமை வைத்தியர் இறங்கிப் போனார்.

சடையப்பர் உட்கார்ந்து பானை ஓடுகளைப் பொறுக்கினார்.

"இன்னொரு பானைக்கு ஒரு மாசம் ஆகுமே, தாயே. அதுவரைக்கும் இவ தாங்குவாளா?"

"என்னை ஏன் கேக்கிறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். சிவகாமி எழுந்து நின்றிருந்தாள். மொட்டைத் தலையில் முந்தானையை இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் சுரண்டுகிற கத்தி.

"எந்தப் பக்கம் போகணும், நாச்சி?"

"மேற்கே, அக்கா. பச்சையா நிக்கிறதை விட்டுருங்க. பட்டுப்போனதாப் பாருங்க. அதுலதான் உயிரோட இருக்கும்."

சிவகாமி நடந்தாள். நாச்சி பின்னால் போனாள். கையிலிருந்த ஓடுகளைக் கீழே போட்டுவிட்டுச் சடையப்பரும் போனார்.