மந்தை வந்தால் வேலை நிற்கும்

வடக்குக் கோடியில், மரம் முளைக்காத பனிவெளியில், ஒற்றைக்கொம்பி என்றொரு பனிமான் இருந்தாள். ஒரு பக்கக் கொம்பு அவளுக்கு முளைப்பதே இல்லை. அதனால் என்ன, மந்தைக்கு முன்னால் நடப்பவள் அவள்தான்.

பனி உருகத் தொடங்கியதும் சினைமான்கள் மேட்டைத் தாண்டிக் கடலோரம் போகும். அங்கேதான் குட்டி போடும். அங்கே காற்று அடிக்கும், கொசு வராது, ஓநாய் எட்டிப் பார்க்காது. இந்தப் பக்கம் பிறந்த குட்டி பிழைப்பது சந்தேகம்.

தெற்கே காட்டில் ஒரு பழுப்புக் கரடி ராஜா. காட்டு ஆற்றில் மீன் தீர்ந்துபோயிற்று. தின்று தீர்த்தது யார்? அவன்தான். இனி வடகடலில், மேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு துறைமுகம் வேண்டுமாம். அங்கிருந்து காடு வரைக்கும் ஒரு சாலை வேண்டுமாம். மேட்டின் அடிவாரத்தில், மான்கள் போகும் வழிக்குக் குறுக்கே.

"அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் கட்டினால் பேர் கெட்டுவிடும் ராஜா. கேட்டுவிட்டே கட்டுவோம்" என்றான் மந்திரி நரி.

"வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

"வேண்டுமா வேண்டாமா என்று யார் கேட்கப் போகிறார்கள்? எப்படிக் கட்டலாம் என்று கேட்போம்."

கூட்டம் கூடியது. கரடிக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன்மேல் பாசி பரப்பி வைத்திருந்தார்கள். "அக்கா, இது உங்கள் இடம். நீங்கள் இல்லாமல் இந்தச் சாலையே இல்லை" என்று சொல்லி நரி ஒற்றைக்கொம்பியை அதில் உட்கார வைத்தான். பிறகு பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். கரடி தூங்கிவிட்டான். கடைசியில் நரி அவள் பக்கம் திரும்பி, "சொல்லுங்கள் அக்கா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றான்.

"ஒன்றே ஒன்று. நாங்கள் கடலோரம் போகும்போது முன்னே வருகிற நாலைந்து பேரைத் தடுக்காதீர்கள். எங்கள் குளம்பில் ஒரு வாசனை உண்டு. முன்னே போகிறவர்களின் வாசனை எங்கே விழுகிறதோ, அங்கேதான் பின்னால் வருகிற அத்தனை பேரும் கால் வைப்பார்கள். முதல் நாலு பேரை விட்டுவிட்டால் போதும். மற்றது தானாக நடக்கும்."

"அருமை. ஆக, மந்தை வரும்போது வேலை நிற்க வேண்டும். அவ்வளவுதானே?"

"மந்தை இல்லை, முன்னே வருகிற..."

"மந்தை வந்தால் வேலை நிற்கும்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான் நரி.

எல்லாரும் கை தட்டினார்கள். சத்தத்தில் கரடி விழித்துக்கொண்டான். "நிற்கும். மந்தை நகரும்வரை ஒரு கல் அசையாது. இது என் வாக்கு" என்றான். எதற்கு வாக்குக் கொடுத்தோம் என்று அவனுக்கே தெரியாது.

பனி உருகியது. ஒற்றைக்கொம்பி வயிற்றில் குட்டியோடு நாலு பேரை அழைத்துக்கொண்டு முன்னே வந்தாள். மந்தை வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

சாலை எழும்பி நின்றது. இந்தப் பக்கம் மரம் இழுத்து ஏற்ற ஒரு சரிவு. அந்தப் பக்கம் செங்குத்து. சினைமான் குதித்தால் குட்டி தங்காது. மான்வழியில் மட்டும் ஒரு இடைவெளி பாக்கி இருந்தது. மரத்தைப் பல்லால் அரிந்து அணை கட்டிப் பழகிய பீவர்கள் அதையும் மரம் உருட்டி அடைத்துக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் நிறுத்துங்கள். நாங்கள் கடக்க வேண்டும்" என்றாள் ஒற்றைக்கொம்பி.

பீவர் மேஸ்திரி தலையை எண்ணினான். "ஐந்து. ஐந்து பேர் ஒரு மந்தையா? மந்தை வந்தால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வந்தால் நிறுத்தச் சொல்லவில்லை."

"நாங்கள் கடந்தால்தானய்யா மந்தை வரும்."

"வரட்டும். வந்ததும் நிறுத்துகிறேன். இப்போது ஒதுங்கம்மா, மரம் உருளுது."

மரம் உருண்டது. கூட வந்த ஒருத்தியின் காலைச் சிராய்த்துக்கொண்டு போய் இடைவெளியில் விழுந்தது. வழி அடைபட்டது.

நரி மெல்ல வந்தான். "என்ன அக்கா இது? உங்களைக் கேட்டுக் கட்டிய சாலை. பாறையில் உட்கார்ந்தீர்கள், எல்லாரும் பார்த்தார்கள். இப்போது வந்து தகராறு பண்ணினால் சிரிக்க மாட்டார்களா?"

வயிற்றுக்குள் குட்டி உதைத்தது. ஒற்றைக்கொம்பி நரியின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "உட்கார வைத்தது இதற்குத்தானா?" என்றாள்.

நரி பாதத்தை நக்கிக்கொண்டான்.

அவள் சாலையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு கூட வந்தவர்களிடம், "குறுக்கே போக விடமாட்டார்கள். நீளத்துக்கு நடங்கள்" என்றாள்.

ஐந்து பேரும் சரிவில் ஏறினார்கள். சாலைமேலேயே துறைமுகம் வரை நடந்தார்கள், திரும்பி வந்தார்கள், நடுவில் படுத்துக்கொண்டார்கள்.

மந்தை வந்தது. மூக்கைத் தரையில் வைத்தது. வாசனை சரிவில் ஏறியது, மந்தையும் ஏறியது. சாலை முழுக்க, துறைமுகத்து மேடை வரைக்கும் கொம்புக் காடு. கல் வைக்க இடமில்லை.

பீவர் மேஸ்திரி கையிலிருந்த மரத்தைக் கீழே போட்டான். "இது மந்தைதான். சந்தேகமே இல்லை. வேலை நிற்கிறது."

"யாரைக் கேட்டடா நிறுத்தினாய்?" என்று பாய்ந்தான் நரி.

"நீங்கள்தானே ஐயா அன்றைக்குக் கத்தினீர்கள்?"

கரடி ஓடி வந்தான். கடலில் பனி வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. துறைமுகம் பாதிதான் ஆகியிருந்தது. பனி உடைந்து புரண்டால் அரைகுறை மேடை நிற்காது.

"எழுந்து போங்கள்!" என்று உறுமினான்.

"எங்கே போவது? வழியை அடைத்தது யார்?" என்றாள் ஒற்றைக்கொம்பி.

"உன்னை என் பக்கத்தில் சமமாக உட்கார வைத்தேன். அந்த நன்றி இல்லையா?"

"உட்கார வைத்தீர்கள். நான் பேசும்போது தூங்கினீர்கள்."

கரடி ஒரு அடி முன்னே வைத்தான். அத்தனை கொம்புகளும் தாழ்ந்தன. வைத்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அந்த நேரத்தில், காலில் அடிபட்டவள் சாலைக் கல்லிலேயே குட்டி போட்டாள். தாய் நக்கி நக்கிப் பார்த்தாள். குட்டி எழுந்திருக்கவில்லை. எல்லாரும் குட்டியையே பார்த்தார்கள். நரி மட்டும் வேறு பக்கம் பார்த்தான்.

பீவர் மேஸ்திரி யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. போய் இடைவெளியிலிருந்த மரங்களைப் பிடுங்கிப் போட்டான். முன்னே வந்தவர்கள் முதலில் கடந்தார்கள், கால் அடிபட்டவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. மந்தை பின்னாலேயே கடந்து போய்விட்டது. ஒற்றைக்கொம்பியின் குட்டி கடற்காற்றில் பிறந்தது. மேடையைப் பனி அடித்துக்கொண்டு போயிற்று.

அடித்துப் போன துறைமுகத்தைத் திரும்பக் கட்ட, அடுத்த ஆண்டு மறுபடியும் கூட்டம். மறுபடியும் பாறை, மறுபடியும் பாசி. "உட்காருங்கள் அக்கா" என்றான் நரி.

"நான் நிற்கிறேன். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்" என்றாள் ஒற்றைக்கொம்பி. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பிறகு கரடியைப் பார்த்து, "நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்கள்" என்றாள்.

கரடி தொண்டையைச் செருமினான். "முன்னே வருகிற நாலைந்து பேரைத் தடுக்கக் கூடாது."

"இப்போதுதான் கேட்டிருக்கிறீர்கள்" என்றாள்.

ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் சொன்னதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்பவன், அவரைக் கேட்டதாக வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாது.