இன்னும் கொஞ்சம் ஏறு

ஃப்ளாரன்ஸ் மிஸ்ஸிடம் கேள்வி கேட்டுத் தப்பித்தவர்கள் பெரம்பூரில் யாரும் இல்லை. என்ன கேட்டாலும் "பாடு" என்பார்.

மிஸ்ஸுக்கு வயது முப்பத்தேழு. தேவாலயத்துப் பாடகர் குழுவைப் பயிற்றுவிப்பவர். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் கீழே இருக்கும்வரை சரியாக இருக்கும். மேலே போனால் சைக்கிள் பிரேக். உச்சத்தில் பிள்ளைகள் தயங்கினால், "இன்னும் கொஞ்சம் ஏறு" என்பார். அந்த "ஏறு" மட்டும் இரண்டாக உடைந்து, "ஏ... றூ" என்று விழும்.

ஜெபின் எட்டு வயதிலிருந்து அவருடைய மாணவன். இப்போது இருபத்திரண்டு. அவனுக்கு எல்லார் குரலும் வரும். ரயில் நிலைய அறிவிப்பு வரும். போதகர் மூக்கால் ஜெபிப்பது வரும். மொபைல் கடைக்காரர் "நாளைக்கு ரெடி தம்பி" என்று பொய் சொல்வதுகூட வரும். மிஸ் வரத் தாமதமானால் ஹார்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்து மிஸ்ஸாகவே ஆகிவிடுவான்.

"பின்வரிசை, தூங்கிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் ஏ... றூ."

குழு விழுந்து விழுந்து சிரிக்கும். மிஸ் வந்ததும் அவன்தான் முதலில் எழுந்து வணக்கம் சொல்வான்.

அவனுடைய நண்பன் தணிகை பாட்டு எழுதுவான். ஜெபின் மெட்டுப் போட்டு, லேப்டாப்பில் தாளம் அடுக்கி, பாடியும் விடுவான். எதிரொலி நன்றாக இருக்கிறதென்று அடுக்குமாடிப் படிக்கட்டில் பதிவு செய்தார்கள். அதனால் தங்களுக்கு "மாடிப்படி" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு துணிக்கடை விளம்பரம். அப்புறம் யாருடையதோ கல்யாண வீடியோ. அப்புறம் அந்தப் பாட்டு.

வரி கிடைக்கும்வரை வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுவது அவர்கள் வழக்கம். டம்மி வரி என்பார்கள். அன்று பல்லவி முடியும் இடத்தில் வரி இல்லை. ஜெபின் மிஸ் குரலில், "இன்னும் கொஞ்சம் ஏ... றூ" என்று போட்டான்.

தணிகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இதை மாத்தாத மச்சான்."

"டேய், இது எங்க மிஸ்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"நீ யார்கிட்டயும் சொல்லாத. முடிஞ்சுது."

டம்மி வரி அப்படியே நின்றது.

பாட்டு வெளியாகி மூன்றே மாதம். பதினோரு பேரை ஏற்றிய ஷேர் ஆட்டோக்காரர் பன்னிரண்டாவது ஆளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏ... றூ" என்றார். மணமேடையில் கால் வைத்த மாப்பிள்ளையைப் பார்த்து அவன் கூட்டாளிகள் அதையே சொன்னார்கள். டிவியில் ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.

"அந்தக் குரல் யாரோடது ப்ரோ? செம காமெடி."

"யாரோடதும் இல்லீங்க. சும்மா கற்பனை."

அந்தப் பேட்டியை ஜெபின் வீட்டில் எல்லாரும் இரண்டு தடவை பார்த்தார்கள். அவன் இரண்டு தடவையும் குளிக்கப் போய்விட்டான். தேவாலயப் பக்கமும் போகவில்லை. அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகப் பழகிவிட்டான்.

பிறகு சினிமாக் கம்பெனி கூப்பிட்டது. தயாரிப்பாளர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"ரெண்டு பாட்டு தம்பி. ஒண்ணு நீங்க எப்படி வேணா போடுங்க. இன்னொண்ணு முழுக்க அந்தக் கிழிஞ்ச குரல்தான். அதுக்குத்தான் கூப்பிட்டதே."

"யோசிச்சு சொல்றேன் சார்."

"யோசிச்சவன்லாம் இன்னும் வெளியதான் நிக்கிறான் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

வெளியே வந்ததும் தணிகை அவனைத் தூக்கிச் சுற்றினான். ஜெபின் வெறும் மூட்டைபோலச் சுற்றினான்.

வியாழக்கிழமை மாலை அவன் தேவாலயத்துக்குப் போனான். உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் உச்சத்துக்குப் போய்த் தயங்கினார்கள். வாசலில் நின்ற ஜெபின் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தான்.

மிஸ் வாயைத் திறக்கவில்லை. வலது கையை மெல்ல உயர்த்திக் காட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அவருக்குப் பதிலாகச் சொன்னது. "ஏ... றூ." நாலைந்து பேர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அவன் செய்து காட்டிய அதே இழுப்பு. மிஸ் பக்கத்தைப் புரட்டி, அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

ஜெபின் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, எல்லாரும் போகும்வரை நிமிரவே இல்லை.

"வா ஜெபின். சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன் மிஸ்."

"என்ன விஷயம்?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியை அவன் எடுத்தான்.

"ஒரு சந்தேகம் மிஸ். ஒருத்தர் குரலை இன்னொருத்தர் செஞ்சு காட்டினா அது தப்பா?"

"யார் குரல்?"

"பொதுவா கேக்குறேன்."

"பொதுவுக்கு ஏதுப்பா குரல்?"

அவன் ஹார்மோனியத்தின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க குரல்தான் மிஸ்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல் வாரமே. காய்கறிக் கடையில ஓடிட்டிருந்துச்சு. யாரு நம்மள மாதிரி பேசுறதுன்னு நானே திரும்பிப் பார்த்தேன்."

"ஏன் மிஸ் என்னைக் கூப்பிட்டுக் கேக்கல?"

"நீயே வருவேன்னு இருந்தேன்."

"மூணு மாசமாவா?"

"மூணு மாசமாத்தான்."

ஜெபின் எல்லாவற்றையும் சொன்னான். படிக்கட்டு, டம்மி வரி, டிவியில் சொன்ன பொய், ஹார்மோனியத்தின் பின்னால் அவன் உட்கார்ந்த நாட்கள். கடைசியில் தயாரிப்பாளர் கேட்டதைச் சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் பாதியாகிவிட்டது.

"நாளைக்கு பதில் சொல்லணும் மிஸ். நீங்க வேணாம்னா பண்ண மாட்டேன். தணிகை கோச்சுக்குவான், பரவால்ல. பண்ணட்டுமா, வேணாமா?"

மிஸ் ஹார்மோனியத்தின் துருத்தியைத் திறந்தார்.

"பாடு."

"மிஸ், நான் கேட்டது..."

"கேட்டல்ல? பாடு."

அவன் பல்லவியைத் தன் குரலில் பாடினான்.

"இப்படி இல்ல. ரெக்கார்டுல இருக்கிற மாதிரி."

தரையைப் பார்த்துக்கொண்டு பாடினான்.

"தலையைத் தூக்கு. குனிஞ்சா தொண்டை அடைக்கும்."

தூக்கினான். எதிரே மிஸ் முகம். கழுத்தில் சங்கிலிக்குக் கீழே மெலிதான தழும்பு.

"இன்னும் கொஞ்சம் ஏ... றூ."

காலி மண்டபத்தில் அது கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

எந்த மாணவனுக்கும் திருத்தம் சொல்வதுபோல மிஸ் சொன்னார்.

"சுருதி சரி. உடையிற இடத்தையும் சரியா பிடிச்சிருக்க. ஒண்ணு விட்டுட்ட."

"என்ன மிஸ்?"

"'கொஞ்சம்'னு சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்துவேன். கவனிச்சதில்லையா?"

"கவனிச்சேன். மூச்சு வாங்குறீங்கன்னு நெனச்சு வெட்டிட்டேன். தாளம் தள்ளிப் போச்சு."

"மூச்சில்ல. எச்சில் முழுங்குறது. அடுத்தது வலிக்கும்னு தெரியும். முழுங்கிட்டாத்தான் ஏற முடியும்."

மிஸ் துருத்தியை அழுத்திச் சுருதி கொடுத்தார்.

"அதையும் சேர்த்துப் பாடு. அப்பவும் உனக்குச் சிரிப்பு வந்தா, பண்ணு."