ஈப்பிடிப்பான் குஞ்சுகள்

தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் மலை விளிம்பில் தவமணியம்மா என்றொரு துறவி இருந்தார். வயது நாற்பதுதான். அவரிடம் தங்க வருகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை. வந்த அன்றே ஏதாவது ஒரு விரதத்தைத் தாங்களாகச் சொல்ல வேண்டும். அது முறிந்தால் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டு, அன்று பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். யாரும் காவல் இருப்பதில்லை.

அவருடைய சீடர் செங்கோடனுக்கு அறுபது நெருங்கிவிட்டது. கீழே எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். ஒருநாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்த சொந்தத் தம்பியை, ஆள் குறைவு என்று பூச்சிமருந்து அடிக்க அனுப்பினார். தம்பி தேயிலைச் செடிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் செங்கோடன் மலையேறினார்.

"இனி என் கையால ஒரு உசுரும் போகாதுங்க" என்பது அவர் எடுத்த விரதம்.

ஆறு வருடமாக அதைக் கட்டிக் காத்தார். கால் வைக்கும் முன் பாதையைக் கூட்டுவார். அட்டை ஏறினால் அது குடித்து முடித்துத் தானாக விழும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. கீழே இறங்கினால் அவருக்கென்று இருப்பது ஒரே வீடு. அதில் தம்பியின் மனைவி இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அட்டைக்கு ரத்தம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஓடைக்கரை மண்சரிவில், பாசி மூடிய பொந்து ஒன்றில், ஈப்பிடிப்பான் ஜோடி கூடு கட்டியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவிகள். ஆண் நீலம், பெண் சாம்பல். இரண்டும் விடிந்ததிலிருந்து ஈயும் பூச்சியும் பிடித்துவந்து குஞ்சுகளுக்கு ஊட்டின. ஒருநாள் பெண்ணை வல்லூறு கொண்டுபோனது. ஆண் தனியாக ஒருநாள் அல்லாடிவிட்டு, அடுத்த நாள் வரவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தின.

செங்கோடன் ராகிக் கஞ்சி காய்ச்சி, துணித்திரியில் தோய்த்து, இரண்டு நாள் ஊட்டினார். மூன்றாம் நாள் காலை, ஒரு குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு தவமணியம்மாவிடம் வந்தார். அது விறைத்திருந்தது.

"ஒண்ணு போயிருச்சுங்கம்மா."

"என்ன குடுத்தீங்க?"

"ராகிக் கஞ்சிங்க. நல்லா ஆறவெச்சுத்தான் குடுத்தனுங்க."

"அப்பனும் ஆத்தாளும் என்ன குடுத்துதுங்க?"

"பூச்சிங்க."

"அது உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"தெரியுமுங்க. ஆனா விரதம் இருக்குதுங்களே."

தவமணியம்மா குஞ்சைத் திருப்பிப் பார்த்தார். வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"இன்னொண்ணு?"

"கத்துதுங்க. சத்தம் கொறஞ்சிருச்சு." செங்கோடன் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "பூச்சியக் கொன்னாப் பாவம். கொல்லாட்டி இதுவும் போயிரும். எதுங்கம்மா சின்னப் பாவம்?"



செங்கோடன் தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னார். "உங்களுக்கு அந்த விரதம் இல்லீங்களே. நீங்க நாலு ஈயப் புடிச்சு நசுக்கிக் குடுத்தீங்கன்னா, ஊட்டறத நான் பாத்துக்குவேனுங்க."

"அண்ணா, மருந்து டேங்கை எத்தனை வருசம் முதுகுல சுமந்தீங்க?"

"நான் சுமந்ததில்லீங்க. ஆளுங்கதான் சுமப்பாங்க. நான் மேஸ்திரிதானுங்..."

தவமணியம்மா செத்த குஞ்சை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்.

செங்கோடன் அதைப் புதைத்துவிட்டு வெகுநேரம் ஓடைக்கரையில் கிடந்தார். பொந்திலிருந்து வந்த சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நடுவில் ஒருமுறை நீண்ட நேரம் கேட்கவில்லை. உச்சி சாய்ந்ததும் எழுந்து, காட்டெருமைச் சாணி கிடந்த இடத்துக்கு நடந்தார். அன்று அவர் பாதையைக் கூட்டவில்லை.

முதல் ஈயை நசுக்கும்போது அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. குஞ்சு அதை விழுங்கிவிட்டு மறுபடி வாயைப் பிளந்தது. இரண்டாவது. மூன்றாவது. அதற்குப் போதும் என்பதே தெரியவில்லை. சிலந்தி, விட்டில், தும்பி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் இறக்கை பிய்த்துக் கொடுத்தார். மாலை வெயில் மரத்தலைக்கு ஏறும்போது அவர் விரல்களெல்லாம் பிசுபிசுத்தன. குஞ்சின் குரல் திரும்பியிருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த துண்டுக்குள் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது.

"விரதம் முறிஞ்சிருச்சுங்கம்மா. எறங்கறனுங்க."

"குஞ்சு?"

"கொண்டுட்டுப் போறனுங்க. பறக்கற வரைக்கும் ஊட்டோணுமுங்களே. வழியெல்லாம் ஈ இருக்குது."

தவமணியம்மா தலையசைத்தார். செங்கோடன் கும்பிட்டார். போகாமல் நின்றார். ஆறு வருடம் காத்ததைக் குஞ்சுக்காக இழந்தேன் என்று ஒரு வார்த்தையாவது அவர் காதில் போட்டுவிட்டுப் போக வேண்டும்போல் இருந்தது.

"மத்தியானம் முறிஞ்சுதுங்க. மொத ஈய நசுக்கினப்ப. இந்த உசுருக்கோசரந்தானுங்கம்மா."

"மத்தியானம் இல்லீங்கண்ணா," என்றார் தவமணியம்மா. "முந்தாநாள். கஞ்சி காய்ச்சறப்ப."