ரூபி எடுத்த குப்பை

நாகர்கோவிலில் ஜெபசிங்குக்கும் அவன் தங்கை ரூபிக்கும் ஒரே லேப்டாப். ஆன் செய்ததும் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். விண்டோஸில் அண்ணன் கேம் ஆடுவான். லினக்ஸில் தங்கை கல்லூரி ப்ராஜெக்ட் செய்வாள்.

கொஞ்ச நாளாக, கேம் தொடங்கியதுமே லேப்டாப் தோசைக்கல்லாகச் சுட்டது. படம் திக்கித் திணறியது. ஜெபசிங் அப்பாவிடம் போனான்.

"எல்லாம் இவ லினக்ஸாலதான். அந்தக் குப்பையை எடுத்தாத்தான் சரியாகும்."

கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். "சாயங்காலத்துக்குள்ள எடுத்திரு மக்ளே" என்று ரூபியிடம் சொன்னார் அப்பா.

ரூபியின் ஒரு வருட உழைப்பு அதில் இருந்தது. "நீ கேம் ஆடும்போது லினக்ஸ் ஓடவே ஓடாதுண்ணே" என்றாள்.

"எனக்கே பாடம் எடுக்கியா?"

அப்பா பேப்பரைப் புரட்டினார். ரூபி கொஞ்சம் யோசித்தாள். "சரி, குப்பையை எடுத்திருதேன்" என்று லேப்டாப்பை அறைக்குக் கொண்டுபோனாள்.

மாலையில் அதை மேசைமேல் வைத்துக் கொடுத்தாள். ஜெபசிங் வெகுநேரம் ஆடினான். சூடும் இல்லை, திணறலும் இல்லை.

"பாத்தியளாப்பா, நான் சொன்னேம்லா?"

ரூபி லேப்டாப்பை அணைத்து மறுபடி ஆன் செய்தாள். லினக்ஸ் அப்படியே இருந்தது. பிறகு உள்ளங்கையை விரித்தாள். அதில் அழுக்குப் பஞ்சு உருண்டை ஒன்று.

"ஃபேனை அடைச்சிருந்த குப்பை இதுதான். நீ மெத்தைமேல வச்சுல்லா ஆடுத."

அப்பா ரூபியைப் பார்த்தார்.

"நீ அப்பவே சொன்ன. நான்தான் காதுல வாங்கல" என்றார்.