நாக்கை அடக்கிய மணி

ஒரு ஊரில் ஓர் அலுவலகம் இருந்தது. எந்தத் துறை என்று கேட்காதீர்கள். கோப்புகள் உண்டு, கோப்புகளின் மேல் தூசி உண்டு, தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறிகள் உண்டு. அது போதும்.

அங்கே கூடத்தின் கோடியில், கண்காணிப்பாளர் அருணகிரியின் மேசைமேல் ஒரு பித்தளை மணி குடியிருந்தது. மேலே ஒரு குமிழ், உள்ளே ஒரு நாக்கு. குமிழை உள்ளங்கையால் தட்டினால் ‘டிங்’ என்ற சத்தம் வெளித் தாழ்வாரம்வரை கேட்கும். கேட்ட மறுகணம் அலுவலக உதவியாளர் மங்கையர்க்கரசி வந்து நிற்பார்.

மணிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. “இந்த ஆபீஸ்ல யார் குரல் எடுபடுது, சொல்லு பார்ப்போம்,” என்று பக்கத்தில் இருந்த குண்டூசி டப்பாவை வம்புக்கு இழுக்கும். “பெரிய அதிகாரி கத்தினாக்கூடக் காதுல விழாத மாதிரி இருக்கிற ஆளுங்க உண்டு. நான் ஒரு தடவை வாயைத் திறந்தாப் போதும், வேலை நடக்கும்.” குண்டூசி டப்பா பதில் சொல்லாது. அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கும், பேச்சுதான் வராது.

தண்ணீர் வேண்டுமா? டிங். அலமாரியிலிருந்து கோப்பு வேண்டுமா? டிங். அலமாரி என்னவோ அருணகிரியின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. எழுந்து கை நீட்டினால் எட்டும். ஆனால் மணி இருக்கும்போது எழுவானேன்? ஜன்னலைச் சாத்த ஒரு டிங், சாத்திய ஜன்னலைத் திறக்க இன்னொரு டிங். கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுக்கக்கூட ஒரு நாள் மணி அடித்தார் மனுஷன்.

நாற்காலி மணிக்குச் சரியான கூட்டாளி. மெத்தையும் சக்கரமும் வைத்த சுழல் நாற்காலி அது. “நீங்க பாட்டுக்கு உட்காருங்க சார், நான் எதுக்கு இருக்கேன்?” என்று கொஞ்சும். பக்கத்து மேசைக்குப் போகவேண்டி வந்தாலும் அருணகிரி எழமாட்டார். குதிகாலால் தரையை ஓர் உந்து உந்துவார். நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு உருண்டு போய் நிற்கும். டைப்பிஸ்ட் சம்சாத் அதற்குப் ‘பல்லக்கு’ என்று பேர் வைத்திருந்தாள். அவர் காதுபடச் சொன்னதில்லை.

மேசைக்கு அடியில் இரண்டு பேர் இருந்தார்கள். அருணகிரியின் இடது மூட்டு, வலது மூட்டு. இரட்டைப் பிள்ளைகள். நாளெல்லாம் வெளிச்சமே படாமல் மடங்கிக் கிடந்தார்கள்.

ஒரு நாள் மதியம் கீழேயிருந்து முனகல் சத்தம் கேட்டது.

“யாரு அது?” என்றது மணி.

“நாங்கதாண்ணே, மூட்டுங்க.”

“உங்களுக்கு என்னப்பா குறை? வேலை வெட்டி இல்லாம நிழல்ல உட்கார்ந்திருக்கீங்க. குடுத்து வச்சவங்க.”

“அதுதாண்ணே குறை,” என்றது வலது மூட்டு. “எங்க வேலையை எல்லாம் நீங்க பிடுங்கிட்டீங்க. மடங்குறதும் நிமிர்றதும்தான் எங்களுக்குச் சாப்பாடு. நீங்க ஒரு தடவை டிங்குன்னா எங்களுக்கு ஒரு வேளை பட்டினி.”

“எனக்கு இப்பல்லாம் மரத்துப் போகுதுண்ணே,” என்றது இடது மூட்டு. “பக்கத்துல இவன் இருக்கானா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது.”

“பொறாமை,” என்றது மணி.

“பொறாமையேதான்,” என்று நாற்காலி ஒத்து ஊதியது.

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரக் கடைசியில் கணக்காளர் தேவசகாயத்துக்குப் பணி நிறைவு விழா வந்தது. கூடத்திலேயே மேசைகளை ஒதுக்கிவிட்டு நடத்தினார்கள். அருணகிரி தன் இடத்தைவிட்டு அசையாமல், தன் மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

சம்சாத் இறைவணக்கம் பாடத் தொடங்கினாள். கூடமே எழுந்து நின்றது. அருணகிரியும் எழப் பார்த்தார். பாதி தூரம் வந்தவர் தொப்பென்று மெத்தையிலேயே விழுந்தார். மறுபடி மேசை விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல நிமிர்ந்தார். அவர் நேராக நின்ற நேரமும் பாட்டு முடிந்த நேரமும் ஒன்றாக இருந்தது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நின்றார்.

சார் ஏதோ வாழ்த்திப் பேசப்போகிறார் என்று நினைத்து யாரோ ஓடிவந்து மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அவரும் தேவசகாயத்தைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். முன்வரிசையில் விஷயம் புரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மணி மட்டும் வேறொன்றைப் பார்த்தது. சிரித்துக்கொண்டிருந்த மனுஷரின் இடது கை மேசை விளிம்பை விடவே இல்லை. நாள் தவறாமல் தன் தலையைத் தட்டுகிற கை அல்லவா? மணிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

எல்லாரும் கேசரி சாப்பிடப் போன பிறகு அது மெதுவாகக் கேட்டது. “ஏம்பா, நிஜமாவே அவ்வளவு மோசமா?”

“இன்னிக்காவது ரெண்டாவது தடவையில எந்திரிச்சார்,” என்றது வலது மூட்டு. “இப்படியே போனா அவரைக் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட ஓர் ஆள் வேணும். அந்த ஆளைக் கூப்பிடவும் உங்களைத்தாண்ணே அடிப்பார்.”

மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் வேணும்.”

“புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?” என்று நாற்காலி பதறியது. “சத்தம் வராத மணியை எவன் மேசையில வச்சிருப்பான்? நேரா ஸ்டோர் ரூம்தான். உள்ள போனது எதுவும் வெளிய வந்ததா சரித்திரம் இருக்கா?”

“தெரியும்,” என்றது மணி. சொல்லும்போதே அதற்கு அழுகை முட்டியது. குரல் போனால் மணியிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை அருணகிரி வந்தார், உட்கார்ந்தார், மணியைத் தட்டினார். சத்தம் இல்லை. மறுபடி தட்டினார். மணி நாக்கை இறுக்கி மடக்கிக்கொண்டது. கவிழ்த்துப் பார்த்தார், உலுக்கினார், “என்னடா ஆச்சு உனக்கு?” என்று கேட்கவும் கேட்டார். அந்தக் கேள்வியில்தான் மணிக்கு வாய் தவறப் பார்த்தது. எப்படியோ சமாளித்துக்கொண்டது.

“மங்கை! ஏம்மா மங்கை!” என்று குரல் கொடுத்தார். ஜெராக்ஸ் இயந்திரம் போட்ட இரைச்சலில் அது சம்சாத்துக்கே கேட்கவில்லை. தாழ்வாரத்தில் இருந்தவருக்கு எங்கே கேட்கும்?

சரி என்று குதிகாலை உந்தினார். பல்லக்கு கிளம்பியது. மேசைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி, கூடத்து வாசலுக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு நிலைப்படி. அருணகிரி முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், ஒரு எம்பு எம்பினார்.

“என்னால ஆகாது சார்,” என்று நாற்காலி முதன்முறையாக உண்மையைச் சொன்னது. “எனக்குப் படி தாண்டத் தெரியாது.”

“வாடா, நம்ம முறை!” என்றது வலது மூட்டு. மடக் என்றது ஒன்று, மடக் மடக் என்றது மற்றொன்று. நிலையைப் பிடித்துக்கொண்டு அருணகிரி எழுந்தார், படியைத் தாண்டினார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி பதறி எழுந்தார். “என்ன சார், நீங்களே வந்துட்டீங்க? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?”

“எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. மணிதான் போச்சு. தண்ணி வேணும்.”

“இதோ, பானை உங்க பக்கத்துலயேதான் சார் இருக்கு.”

அவரே மொண்டு குடித்தார். குடித்த கையோடு திரும்பிவிடவில்லை. தாழ்வாரத்துக்கு வெளியே ஒரு வாதாமரம் நின்றது. அது எத்தனை வருஷமாக நிற்கிறது என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

முதல் சில நாள் வலியும் புலம்பலுமாகப் போயிற்று. “மணி கெட்டதுல என் உயிர் போகுது,” என்று சம்சாத்திடம் அலுத்துக்கொண்டார். பிறகு புலம்பல் குறைந்தது. அவளுடைய மேசை பக்கம் போனால் அவள் பையன் விழுந்த முதல் பல்லைக் கூரைமேல் எறிந்த கதை கேட்கக் கிடைத்தது. சாப்பாட்டு வேளையில் எழுந்து போய் எல்லாரோடும் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் டப்பாவில் வத்தக்குழம்பு கிடைத்தது. மேசைக்கு அடியில் இரட்டையர் ஓயாமல் வளவளத்தார்கள். மணி கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் நாற்காலி சொன்னதும் பலித்தது. மணி கெட்ட அன்றே அருணகிரி எழுதிக் கேட்டிருந்த புது மணி ஒரு நாள் வந்து சேர்ந்தது. மின்சார மணி, பொத்தானை அமுக்கினால் குருவி மாதிரி கத்தும். மங்கையர்க்கரசி பழைய மணியை முந்தானையால் துடைத்து, “பாவம், கத்திக் கத்தி ஓய்ஞ்சுபோச்சு,” என்று சொல்லிக்கொண்டே ஸ்டோர் ரூமில் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஒரே இருட்டு. “வா, வா,” என்றது றெக்கை போன மின்விசிறி ஒன்று. “உனக்கு என்ன கோளாறு?”

“எனக்குக் கோளாறு ஒண்ணும் இல்லைங்க.”

“இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

அந்த இருட்டைவிட, வெளியிலிருந்து கேட்ட குருவிச் சத்தம்தான் மணியைக் கொன்றது. அன்று முழுக்க அந்தக் குருவி ஓயவே இல்லை. அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார், நான் குரலை விட்டுக்கொடுத்ததும் வீண் என்று அது தேம்பியது. மறுநாள் குருவி கொஞ்சம் குறைவாகக் கத்தியதுபோல் இருந்தது. அதற்கடுத்த நாட்களில் எப்போதாவதுதான் கேட்டது. அதுவும் ரிப்பேர் போலிருக்கிறது என்று மணி நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் கதவு திறந்தது. காலடிச் சத்தம் அடித்தட்டுக்கு முன்னால் வந்து நின்றது. யாரோ குந்தி உட்கார்ந்தார்கள். மணியின் முகத்துக்கு நேராக இரண்டு மூட்டுகள்.

“அண்ணே!”

“அடப்பாவிகளா, நீங்களா? இவ்வளவு கீழ எப்படிடா வந்தீங்க?”

“மடங்கித்தான் வந்தோம். பாருங்க, செவுத்தைக்கூடப் பிடிக்கல,” என்று இடது மூட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. “பழைய கோப்பு ஒண்ணைத் தேடி அவரே வந்திருக்கார்.”

“அப்ப அந்தக் குருவி?”

“அது பாவம்ணே. அவர் கை அதுகிட்டப் போறதுக்குள்ள நாங்க எந்திரிச்சுடறோம். ருசி கண்டுட்டோம்ல!”

அதற்குள் அருணகிரியின் கண்ணில் மணி பட்டது. “அட, நீ இங்கயா இருக்கே?” என்று எடுத்து, கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். பழைய பழக்கத்தில் குமிழை ஒரு தட்டு தட்டினார்.

மணிக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் நாக்கை அடக்க மறந்துபோயிற்று. டிங்!

“ஐயோ, கெடுத்தீங்களேண்ணே!” என்றன மூட்டுகள். மணிக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் மங்கையர்க்கரசி ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்.

“கூப்பிட்டீங்களா சார்? அட, இது நல்லாத்தானே இருக்கு! கொண்டுபோய் உங்க மேசைமேலயே வைக்கட்டுமா?”

அருணகிரி மணியைப் பார்த்தார். ஓடிவந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியைப் பார்த்தார். இந்த ஒரு சத்தத்துக்கு இந்த அம்மாள் எத்தனை தடவை இப்படி ஓடிவந்திருப்பார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

“மேசைக்கு வேண்டாம்மா. தாழ்வாரத்துல, பானை பக்கத்துல இருக்கட்டும்.”

மறுநாள் முற்பகல், எல்லாரும் தலை குனிந்து கணினித் திரையையும் கோப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அருணகிரி தாழ்வாரத்துக்கு நடந்து போய் மணியைத் தட்டினார். ‘டிங்’ என்ற சத்தம் கேட்டுக் கூடமே நிமிர்ந்து பார்த்தது.

“சார் யாரைக் கூப்பிடுறீங்க?” என்றாள் சம்சாத்.

“எல்லாரையும்தான். வாங்க, தண்ணி குடிச்சுட்டு அந்த வாதாமரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்.”

மங்கையர்க்கரசி மட்டும் ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “நான் காலையிலருந்து நடந்துகிட்டேதான் சார் இருக்கேன். எனக்கு உட்காரத்தான் மணி அடிக்கணும்.”

“நீ உட்காரும்மா,” என்றார் அருணகிரி. ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு முதலில் அவர் கையில் கொடுத்தார்.

உள்ளே ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் சட்டென்று, சிலர் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு. கூடம் முழுக்க மடக், மடக் என்று மூட்டுகள் ஒன்றையொன்று குசலம் விசாரித்தன. மணி தன் ஆயுசிலேயே அப்படி ஒரு பதில் சத்தத்தைக் கேட்டதில்லை. அருணகிரி தட்டாமலேயே அது இன்னொரு முறை ‘டிங்’ என்றது.

கூடத்தில் அப்போது நாற்காலிகள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தன.